சரியான அளவில் ஒரு கைப்பெட்டி

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டுதான். விமானத்துக்குள்ள கையோட கொண்டு போக ஒரு பை வாங்கணும்.

எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில எங்கட தெருவில மட்டும் ஏழு பேர் கட்டாரில. எட்டாவது ஆள் நான். கட்டாரில ரோடு போடுற கம்பனி ஒண்டில நில அளவை உதவியாள் வேலை. ஊரிலயும் எனக்கு அதே வேலைதான். கல்முனையில காணி அளக்கிற சேவையர் ஒருத்தருக்குச் சங்கிலி பிடிச்சுத் திரிஞ்சவன் நான். வயற்காணி அளக்கிற இடத்தில சேவையர் குடைக்குக் கீழ நிற்பார், நான் சேத்துக்குள்ள நிற்பன். சேத்துக்குள்ள நிற்கிறவனைத்தான் சனம் கண்டது. அதனால ஊருக்கு நானே சேவையர்.

அந்தப் பேரை நானும் மறுத்துச் சொன்னதில்ல.

கொழும்பு ஏஜென்சியில இருந்து கடிதம் வந்திச்சு. பெரிய பெட்டி இருபது கிலோ. கைப்பை ஐந்து கிலோ, அதுக்கு மேல ஏலாது. கைப்பையின்ட அளவு நாற்பத்தைந்து, முப்பத்தைந்து, இருபது சென்டிமீட்டர். விசாக் கடிதத்தின்ட மூலப் பிரதியையும் சேட்டிபிக்கட்டுகளையும் கைப்பையிலதான் வைக்கணும், பெரிய பெட்டியில போடக் கூடாது எண்டு அடியில கோடு போட்டு எழுதியிருந்தாங்க.

பெரிய பெட்டியைப் பற்றி நான் யோசிக்கவே தேவைப்படல்ல. அதை ஊர் நிரப்பிச்சு. கட்டாரில இருக்கிற ஏழு பேரின்ட வீட்டாக்களும் ஆளுக்கொரு பார்சலோட வந்தாங்க. ஒருத்தர் கருவாடு, ஒருத்தர் மிளகாய்த்தூள், ஒருத்தர் மகனுக்குக் கல்யாணம் பேசின பிள்ளையின்ட வீட்டார் குடுத்த, இடுப்பில உடுக்கிற சாரன். இருபது கிலோவும் முடிஞ்ச பிறகுதான் எனக்கும் உடுப்பு இருக்கிறது ஞாபகம் வந்திச்சு.

ஆனபடியா மிச்சம் இருந்தது கைப்பை மட்டும். அதையாவது ஒழுங்காச் செய்யணும் எண்டு நினைச்சன்.

கல்முனை பஜாருக்குப் போனன். போகேக்க இரும்பு டேப்பையும் எடுத்துக்கொண்டு போனன். பைக்கடைக்காரர் எனக்குத் தெரிஞ்சவர்தான். நான் டேப்பை இழுத்ததும், காணி ஏதும் வாங்க வந்தீங்களா எண்டு கேட்டார். நான் சிரிக்கல்ல. பதினெட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, பதினாலுக்குக் கொஞ்சம் குறைவு, எட்டுக்குக் கொஞ்சம் குறைவு, அப்படி ஒரு பை எடுங்க எண்டன்.

அவர் றெக்சின் பை ஒண்டை எடுத்துப் போட்டார். அரை அங்குலம் நீளம் கூட. இன்னொண்டு, உயரம் கூட. மூண்டாவது எல்லாப் பக்கத்தாலயும் குறைவு. குறைவு நல்லம்தானே எண்டார் அவர். எனக்குத் தர இருக்கிற இடத்தில பாதியை ஏன் விட்டுட்டுப் போகணும் எண்டு நான் கேட்டன். அரை அடி வரம்புக்கு அண்ணனும் தம்பியும் வழக்குக்குப் போற ஊரில பிறந்து வளர்ந்தவன் நான்.

ஏழாவது பை கிட்டத்தட்டச் சரி. ஆனா கடைக்காரர் அதுக்குள்ள பழைய பேப்பரைத் திணிச்சுக் காட்டினதும் அது நடுவால ஊதி எட்டு அங்குலத்தைத் தாண்டிட்டு.

அதைக் கண்டு அவருக்கே பொறுமை போச்சு. இந்தக் கடையில பை வாங்கிக்கொண்டு எத்தனையோ பேர் போயிருக்காங்க, ஒருத்தரும் அளக்கல்ல, எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க எண்டார்.

"அவங்க வேற வேலைக்குப் போனவங்க. நான் அளக்கிற வேலைக்கே போறவன்" எண்டன்.

அவர் ஏழு பையையும் திரும்பக் கொழுவத் தொடங்கினார்.

கடையை விட்டு வெளியில வரேக்கயே முடிவெடுத்திட்டன். பை வேணாம். பை எண்டா ஊதும். பெட்டிதான் சரி. பெட்டி ஊதாது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நிந்தவூருக்குப் போனன். அங்க ஆதம்பாவா எண்டு ஒரு ஓடாவி. கதவு, ஜன்னல், அலுமாரி எல்லாம் செய்வார். கை சுத்தமான வேலைக்காரர். அவரிட்ட நான் ஒரு கடுதாசியைக் குடுத்தன். மேல் பார்வை, முன் பார்வை, பக்கப் பார்வை மூண்டும் அளவுத் திட்டத்தோட வரைஞ்சிருந்தன். ஒரு மூலையில வடக்கு எந்தப் பக்கம் எண்டு காட்டுற அம்புக்குறியும் போட்டிருந்தன். பழக்க தோசம்.

ஓடாவி அந்தக் கடுதாசியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, பெட்டியை வடக்குப் பார்த்து வைக்கணுமா?" எண்டு கேட்டார்.

அந்த அம்பை விடுங்க எண்டன். பிளைவுட்டில செய்ங்க, மேல கறுப்பு றெக்சின் ஒட்டுங்க, வெளியளவு இம்மியும் பிசகக் கூடாது எண்டன். அவர் கொஞ்சம் யோசிச்சிட்டு, அரை அங்குலம் குறைச்சுச் செய்வம், பலகை எண்டா வெயிலுக்கும் ஈரத்துக்கும் அப்படி இப்படி இருக்கும் எண்டார். நான் ஒத்துக்கொள்ளல்ல. அரை அங்குலத்தை விட்டுக்குடுத்தா மூண்டு பக்கத்தாலயும் எவ்வளவு இடம் போகுதெண்டு அவருக்கே கணக்குப் பார்த்துச் சொன்னன். அவர் உளியைத் தீட்டிக்கொண்டே எல்லாத்தையும் கேட்டார். உங்கட பெட்டி, உங்கட அளவு எண்டு மட்டும் சொன்னார்.

நாலாம் நாள் திரும்பப் போனன், பெட்டி தயார். நான் டேப்பை வச்சன். நீளம் சரி. அகலம் சரி. உயரம் சரி. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல. என்ட வாழ்க்கையில அவ்வளவு சரியான அளவை நான் வயலிலயும் கண்டதில்ல.

ஓடாவி தன்ட சந்தோசத்துக்கு எட்டு மூலைக்கும் பித்தளைத் தகடு அடிச்சிருந்தார். என்ன அழகு. அந்த மூலையில மட்டும் நான் டேப்பை வைக்கல்ல. அழகை யாரு அளக்கிற?

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் என்ட மனிசி ஹாஜரா அதைத் தூக்கிப் பார்த்தா. தூக்கின கையோட கீழ வச்சா.

"வெறும் பெட்டியா இது? உள்ளுக்கு ஏதும் இரிக்கா?"

ஒண்டுமில்ல எண்டன்.

"அப்ப ஏன் இந்தப் பாரம்?"

நிறையை நான் மறந்தே போயிருந்தன். நிறுத்துப் பார்க்கணும். அதுவும் ஒரு தனி வேலை.

முதல்ல நெல்லு ஆலைக்குக் கொண்டு போனன். அங்க இருந்தது மூடை நிறுக்கிற மேடைத் தராசு. பெட்டியை வச்சன். தராசு அசையவே இல்ல. நான் பெட்டியோட ஏறி நிண்டு, மறுகா பெட்டி இல்லாம ஏறி நிண்டு கழிச்சுப் பார்த்தன். பெட்டி இல்லாமத்தான் நான் பாரம் கூடின ஆளாக் காட்டிச்சு. ஆலைக்காரர் அது வயசான தராசு எண்டார். பலசரக்குக் கடைத் தட்டுத் தராசில பெட்டியே பிடிக்கல்ல. மீன் வாடியில கொக்கித் தராசு இருந்திச்சு. கொழுவி இருப்பன். ஆனா எனக்கு முன்னுக்குக் கொழுவின சுறாவில இருந்து தண்ணி இன்னும் வடிஞ்சுகொண்டு இருந்திச்சு.

கடைசியா ஹாஜராதான் வழி சொன்னா. இண்டைக்குக் கிளினிக் நாள், அங்க பிள்ளை நிறுக்கிற தராசு கிலோவில காட்டும் எண்டா.

போனன். முப்பது பொம்பளைகள் கைப்பிள்ளைகளோட வரிசையில. நடுவில நான், மடியில கறுப்புப் பெட்டி. ஒரு பிள்ளை அழுதா இன்னொண்டு அழுதிச்சு. என்ட பெட்டி மட்டும் அமைதியா இருந்திச்சு. பக்கத்தில இருந்த ஒரு உம்மா எட்டிப் பார்த்துட்டு வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பக்கம் திரும்பினா.

கிளினிக் மிட்வைஃப் சொறிக்கல்முனையில இருந்து வாற ஆள். நாங்க எல்லாரும் மிஸ்ஸி எண்டு கூப்பிடுவம். என்ட முறை வந்ததும் நான் விசயத்தைச் சொன்னன். அவ ஒரு கேள்வியும் கேட்கல்ல. பெட்டியை வாங்கித் தராசுத் தொட்டிலில வச்சா. பழக்கத்தில ஒரு கையைக் காவலுக்குப் பிடிச்சுக்கொண்டா, உருண்டு விழுந்திடாம.

"மூண்டரைக் கிலோ" எண்டா. "பிள்ளைக்கு எண்டா நல்ல நிறை. வெறும் பெட்டிக்கு இது கூடிப்போச்சு, தம்பி."

வரிசை முழுக்கச் சிரிச்சுது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரேக்க பின்னால ஒரு குரல், ஊசி போடல்லையா எண்டு கேட்டிச்சு.

ஐந்து கிலோவில மூண்டரைக் கிலோ பெட்டிக்கே போச்சு. எனக்கு மிச்சம் ஒண்டரைக் கிலோ. அதுக்குள்ள விசாக் கடிதம், சேட்டிபிக்கட் பைல், ஒரு சாரன், ஒரு சேட், ஒரு துவாய், பற்பசை. அவ்வளவுதான். பெட்டிக்குள்ள முக்கால்வாசி காத்து. ஆனா அளவான காத்து.

இப்பதான் மாமி வந்தா.

நான் இருந்தது மனிசி வீட்டில. அங்க மாமியின்ட சொல்லுத்தான் சட்டம். மாமியின்ட ஒரே மகன் நஸீர், ஹாஜராவுக்கு நேர் இளைய தம்பி, என்ட மச்சான். அந்த ஏழு பேரில ஒருத்தன், மூண்டு வருசமாக் கட்டாரில. ரெண்டு முறை லீவு கிடைச்சும் டிக்கட் சரிவரல்ல. மாமி கையில இருந்தது அவனுக்குக் கிண்டின தொதல், அல்வா மாதிரி ஒரு இனிப்பு. ஒரு தாச்சி நிறையக் கிண்டி, அதில நல்ல பக்கமாப் பார்த்து வெட்டி எடுத்த துண்டுகள். வாழையிலையில சுத்தி, மேல பேப்பர் சுத்தி, ரெண்டு கிலோவுக்குக் குறையாது.

நான் இடமில்லை எண்டன்.

மாமி பெட்டியைத் திறந்து பார்த்தா. சாரனும் துவாயும் ஒரு மூலையில கிடந்திச்சு. மற்றதெல்லாம் வெறுமை.

"மருமகன், இதுக்குள்ள ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கலாம்" எண்டா.

நான் நிறையைப் பற்றி விளக்கினன். இடம் வேற, நிறை வேற எண்டன். கிலோவையும் ராத்தலையும் சொன்னன். மாமி எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டா. கேட்டுட்டுத் தொதலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனா. அண்டைக்குப் பகல் சோத்தில கறியும் ஒண்டுதான்.

மூண்டு வருசம் மகனைக் காணாத மனிசி. நான் பிளைவுட்டுக்கு மூண்டரைக் கிலோ குடுத்துட்டு அவவின்ட தொதலுக்கு இடமில்லை எண்டு சொல்லிட்டன். பகல் முழுக்க அந்தப் பெட்டியைப் பார்க்கேக்க எனக்கே ஒரு மாதிரி இருந்திச்சு. ஆனா அதை உடைச்சுச் சொல்ல வாய் வரல்ல. பெட்டி செய்யக் குடுத்தது நான், அளவு சொன்னது நான்.

பின்னேரம் ஹாஜரா வந்து இருந்தா.

"ஐஞ்சு கிலோ எண்டது பெட்டிக்குத்தானே? ஆளை நிறுக்கிறதா எழுதி இரிக்கா?"

நான் கடிதத்தை எடுத்து வாசிச்சன். ஆளைப் பற்றி ஒரு சொல்லும் இல்ல.

அலுமாரியில என்ட கலியாணக் கோட் இருந்திச்சு. தடிச்ச துணி, கருநீலம். ஹாஜரா அதை எடுத்து உள்பக்கம் திருப்பி மாமியிட்டக் குடுத்தா. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து, உள்துணியில ஆறு பொக்கட் தச்சா. மார்புக்கு ரெண்டு, விலாவுக்கு ரெண்டு, முதுகுக்கு ரெண்டு. ஒவ்வொண்டிலயும் தொதல். தச்சு முடிச்சு எனக்குப் போட்டுப் பார்த்து, தோளைத் தட்டி, இப்பதான் கட்டாருக்குப் போற ஆள் மாதிரி இரிக்கி எண்டா. ராச்சோத்துக்கு மூண்டு கறி வந்திச்சு.

கொழும்புக்கு விடியக்காலையில பஸ் ஏறினன். அண்டைக்கு மருதானையில சொந்தக்காரர் வீட்டில தங்கி, அடுத்த நாள் பகல் கட்டுநாயக்க எயார்போட்டுக்குப் போனன். கோட்டைக் கழட்ட ஏலாது. கழட்டினா தூக்கிக்கொண்டு போகணும், தூக்கினா அது சாமான் ஆயிடும். வெயில். உள்ளுக்கு ரெண்டு கிலோ தொதல். தொதல் எண்டா தேங்காய்ப்பாலும் சக்கரையும் அரிசி மாவும். கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேரேக்க முதுகுப் பக்கம் இளகத் தொடங்கினதை நான் உணர்ந்தன். வேர்வையா தொதலா எண்டு சொல்ல ஏலாத கட்டம்.

கவுண்டரில வரிசை. எனக்குப் பின்னால ஒரு வாட்டசாட்டமான ஆள். கதைச்சுப் பார்த்ததில மருதமுனை. பேர் சலீம், வயசில மூத்தவர் எண்டதால எனக்குக் காக்கா, டிரைவர் வேலைக்குக் கட்டாருக்கே போறார். அவர் தோளில ஒரு றெக்சின் பை தொங்கிச்சு. எருமைக் கன்று ஒண்டை உள்ளுக்கு வச்சுத் தச்ச மாதிரி நாலு பக்கமும் வீங்கி இருந்திச்சு. அளந்தீங்களா எண்டு கேட்டன். என்னத்தை எண்டு கேட்டார். பாவம், இந்த மனிசனைத் திருப்பி அனுப்பப் போறாங்க எண்டு எனக்கு மனசுக்குள்ள கவலையா இருந்திச்சு.

என்ட முறை வந்திச்சு. கவுண்டரில இருந்த பொம்பளைப் பிள்ளை பெரிய பெட்டியை வாங்கி நிறுத்தா. இருபது. டிக்கட்டையும் பாஸ்போட்டையும் வாங்கினா. கைப்பெட்டியை எட்டிப் பார்த்தா, சரி, கொண்டு போகலாம் எண்டு தலையாட்டினா.

அவ்வளவுதான். அந்த இடத்தில நான் வாயை மூடி இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல.

ஆனா எனக்கு மனசு கேட்கல்ல. ஏழு பையைத் தள்ளி, நிந்தவூருக்கு ரெண்டு தரம் சைக்கிள் மிதிச்சு, கைப்பிள்ளைகளோட வரிசையில இருந்து கொண்டு வந்த பெட்டி. அதை ஒருத்தரும் அளக்காம விடுறதா? எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீசில, மிஸ், அளந்து பாருங்க எண்டன். தேவையில்ல எண்டா அவ. இல்ல, பாருங்க, சரியான அளவு எண்டன். அவ களைச்சுப்போய்ப் பேனையால ஒரு பக்கத்தைக் காட்டினா.

அங்க ஒரு இரும்புச் சட்டம் நிண்டிச்சு. மேல் பக்கம் திறந்து, நாலு பக்கமும் அடியிலயும் கம்பி வச்ச கூடு. கைப்பை அதுக்குள்ள இறங்கினா அளவு சரி. தூசி பிடிச்சுக் கிடந்திச்சு. கனகாலமா ஒருத்தரும் அதைத் தொட்டதாத் தெரியல்ல.

பெட்டியைத் தூக்கி நெட்டையா உள்ளுக்கு விட்டன். அலுமாரியில இழுத்துத் தள்ளுற லாச்சி மாதிரி வழுக்கிக்கொண்டு போச்சு. ஒரு பக்கமும் ஒரு நூல் இடைவெளி இல்ல. நான் வரிசையைத் திரும்பிப் பார்த்தன். கடைசியில ரெண்டு அங்குலம் கொஞ்சம் இறுக்கமா இருந்திச்சு. உள்ளங்கையால ஒரு அமத்து அமத்தினன். 'டக்' எண்டு இறங்கிச்சு.

அந்த 'டக்' எண்ட சத்தம் ஓடாவியின்ட பித்தளை மூலைகள் கம்பியின்ட வெல்டிங் ஒட்டுக்குக் கீழ போய் மாட்டின சத்தம். அது எனக்குப் பிறகுதான் விளங்கிச்சு.

சரி எண்டுட்டுப் பிடியைப் பிடிச்சுத் தூக்கினன். வரல்ல. பலமா இழுத்தன். பிடி மட்டும் கையோட வந்திச்சு.

அந்த நேரம் பார்த்துக் கவுண்டர் பிள்ளை தலையைத் தூக்கி, விசாக் கடிதத்தின்ட மூலப் பிரதியைத் தாங்க எண்டு கேட்டா.

நான் இரும்புச் சட்டத்தைப் பார்த்தன். பிறகு கையில இருந்த பிடியைப் பார்த்தன்.

"அதுக்குள்ள இரிக்கி, மிஸ்" எண்டன்.

பெட்டியின்ட மூடி பெரிய பக்கத்தில. அந்தப் பக்கம் கம்பியோட அமந்து நிக்குது. திறக்க வழியே இல்ல. கடிதம் இல்லாம அவ போடிங் காட் தர மாட்டா. கவுண்டர் மூட இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கெண்டு சொன்னா. அந்த முக்கால் மணித்தியாலத்துக்குள்ள நான் ஏறாட்டி, வேலையும் போகும், ஏழு வீட்டுப் பார்சலும் என்னை விட்டுட்டுத் தனியாக் கட்டாருக்குப் போகும்.

சலீம் காக்கா தன்ட பையைக் கீழ வச்சுட்டு வந்தார். விடுங்க நான் பார்க்கிறன் எண்டு சொல்லிக் கம்பிக்கு மேலால விரலை விட்டு நெம்பினார். அசையல்ல. துப்புரவாக்கிற ஆளிட்டத் தும்புத்தடி வாங்கி, அடிக் கம்பிக்குள்ளால விட்டு மேல குத்தினம். அசையல்ல. சட்டத்தைத் தலைகீழாக் கவிழ்ப்பம் எண்டார். அது நிலத்தோட ஆணி அடிச்சிருந்திச்சு. நான் குனிஞ்சு நிமிர, குனிஞ்சு நிமிர, கோட்டுக்குள்ள தொதல் ஒவ்வொரு பொக்கட்டா இடுப்பை நோக்கி இறங்கிக்கொண்டு இருந்திச்சு.

ஆக்கள் கூடிட்டாங்க. இந்த மனிசன் யாரு, என்ன வேலை செய்யிறவர் எண்டு வரிசையில யாரோ கேட்டாங்க. சலீம் காக்கா நல்ல மனிசன். அளக்கிற வேலை எண்டு அவருக்கு நான் முன்னமே சொல்லி இருந்தன். ஆனாலும் தெரியாது எண்டு சொன்னார்.

கடைசியா எயார்போட்டில தச்சு வேலை செய்யிற ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு வந்தாங்க. வயசான சிங்கள மனிசன், தச்சனை அங்க பாஸ் எண்டுதான் கூப்பிடுவாங்க. பெட்டியைச் சுத்திப் பார்த்தார். மேல தெரிஞ்ச சின்னப் பக்கத்துப் பலகையைக் கழட்டுறதுதான் ஒரே வழி எண்டு உடைஞ்ச தமிழில சொன்னார். உளியும் சுத்தியலும் எடுத்துத் தொடங்கினார். பத்து நிமிசம். பலகை அசையல்ல. ஓடாவி பசையும் போட்டு ஆணியும் அடிச்சிருந்தார். பாஸ் வேர்வையைத் துடைச்சுக்கொண்டு, இதை யாரு செஞ்சது எண்டு கேட்டார். கோவமாக் கேட்கிறார் எண்டுதான் நினைச்சன். பிறகு பார்த்தா, மூலைப் பொருத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறார். நல்ல வேலைக்காரன் எண்டார். அந்த நேரத்திலயும் எனக்குக் கொஞ்சம் பெருமையா இருந்திச்சு. மனிசப் புத்தி.

இன்னும் பத்து நிமிசத்தில பலகை பிளந்திச்சு. பாஸ் கையை விட்டு ஒவ்வொண்டா வெளியில எடுத்துத் தந்தார். முதல்ல துவாய். பிறகு சாரன். பிறகு பற்பசை. கூட்டம் ஒவ்வொண்டையும் கவனமாப் பார்த்திச்சு. இவ்வளவு பெரிய போராட்டத்துக்குப் பிறகு உள்ளுக்கு இருந்து ஏதும் பெரிசா வரும் எண்டு எதிர்பார்த்திருப்பாங்க. சேட் வந்திச்சு. கடைசியா பைல் வந்திச்சு. அதுக்குள்ள விசாக் கடிதம், ஒரு மடிப்பும் இல்லாம.

கவுண்டர் பிள்ளை கடிதத்தைப் பார்த்தா, முத்திரை குத்தினா, போடிங் காட்டைத் தந்தா. ஓடுங்க எண்டா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னா. நான் மன்னிப்புக் கேட்டன்.

சாமானை எதில போடுறது? சலீம் காக்கா தன்ட பைக்குள்ள கையை விட்டு, மடிச்சு வச்சிருந்த ஒரு சொப்பிங் பேக்கை இழுத்து எடுத்துத் தந்தார். சாதாரண பொலித்தீன் பை. துவாய், சாரன், சேட், பைல், பற்பசை எல்லாம் அதுக்குள்ள போய், மேலயும் இடம் கிடந்திச்சு. பாரம் எண்டு ஒண்டும் இல்ல.

அவருக்கு அடுத்ததா முறை. அந்த எருமைக் கன்றைத் தோளில போட்டுக்கொண்டு கவுண்டருக்குப் போனார். பிள்ளை எட்டியும் பார்க்கல்ல. போங்க எண்டா.

சோதனை செய்யிற இடத்தில ஒரு ஒபிசர் என்ட கோட்டைத் தடவினார். விலாவில கை வச்சதும் நிண்டார். முதுகைத் தடவினார். உள்ளுக்குக் கையை விட்டு எடுத்தார். விரல் அஞ்சும் மண்ணிறமாப் பளபளத்திச்சு. எனக்குச் சிங்களம் சரியா வராது, அவருக்குத் தமிழ் வராது. இது என்ன எண்டு கண்ணால கேட்டார்.

"தொதல்" எண்டன்.

"தொதல்?" எண்டார் அவர். அந்தச் சொல்லு மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் பொது. விரலை மணந்து பார்த்தார். பிறகு நக்கினார். அம்மா செஞ்சதா எண்டு கேட்டது எனக்கு விளங்கிச்சு. மாமி எண்டதைச் சொல்லத் தெரியாம ஓம் எண்டு தலையாட்டினன். ஒரு கடுதாசித் துண்டில கொஞ்சம் எடுத்துக் குடுத்தன். வாங்கிக்கொண்டு கையால போங்க எண்டு காட்டினார்.

விமானத்தில சலீம் காக்காவின்ட பை மேல் தட்டுக்குள்ள போகல்ல. அதைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயோ பத்திரமா வச்சுட்டு, அவருக்கு ஒரு தோடம்பழச் சாறும் குடுத்தாங்க.

தோஹாவில நஸீர் வெளியில காத்துக்கொண்டு நிண்டான். மூண்டு வருசத்தில மெலிஞ்சிருந்தான், மீசை வந்திருந்திச்சு. கட்டிப்பிடிச்சான். பிடிச்ச கையை எடுத்துப் பார்த்தான். என்ன மச்சான் இது எண்டான். உம்மா தந்தது எண்டன்.

அவன்ட அறைக்குப் போனதும் கோட்டைக் கழட்டி மேசையில விரிச்சம். நஸீர் கத்தரிக்கோலால ஆறு பொக்கட்டையும் வெட்டினான். இலையும் பேப்பரும் துணியும் தொதலும் எல்லாம் ஒண்டாய்ப் போய்க் கிடந்திச்சு. ஒரு கரண்டியால சுரண்டி எடுத்து, நிண்ட நிலையிலயே திண்டான். உம்மாவின்ட தையல் எண்டு நூலைத் தொட்டுக் காட்டினான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இன்னொரு கரண்டி எடுத்தான்.

பிறகு என்ட கையில இருந்த சொப்பிங் பேக் கண்ணில பட்டிச்சு. ஹாஜரா முன்னமே அவனுக்குக் கடிதம் எழுதி இருக்கா. எங்கட ஆள் விமானத்துக்கெண்டே ஒரு பெட்டி செய்விச்சிரிக்கார், ஊரில ஒருத்தரிட்டயும் அப்படி இல்ல எண்டு.

"எங்க மச்சான் அந்தப் பெட்டி?"

"கட்டுநாயக்கவில நிக்குது."

"ஏன்? அளவு பிழைச்சிட்டா?"

"இல்ல மச்சான். சரியா இருந்திச்சு."